புரோகிராமிங் கற்க முதல் புத்தகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

புரோகிராமிங் புத்தகம் எதை எடுத்தாலும் முதல் அத்தியாயம் சுலபமாகத்தான் இருக்கும். ஒரு வரி எழுதுவோம், ஓட்டுவோம், திரையில் ஒரு வணக்கம் வந்து நிற்கும். பிரையன் கெர்னிகனும் டென்னிஸ் ரிச்சியும் சேர்ந்து 1978-இல் வெளியிட்ட சி மொழிப் புத்தகத்திலிருந்து பரவிய வழக்கம் அது. இரண்டாவது அத்தியாயத்தில் கூட்டல் கழித்தல், மூன்றாவதில் நிபந்தனை போடும் இஃப், எல்ஸ். அதுவரை யாருக்கும் பெரிய சிக்கல் இல்லை. ஒரு வேலைக்கான வரிகளைத் தொகுத்துப் பெயர் வைத்து அழைக்கும் ஃபங்ஷன் வரும் இடத்தில்தான் வாசகர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்கிறார்கள். புத்தகக்குறி அந்தப் பக்கத்திலேயே மாதக்கணக்கில் கிடக்கும். "எனக்கு இது வராது போல" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பாதிப் பேருக்குப் புத்தகம்தான் சரியில்லை.

அதனால் நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது இதைத்தான்: புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து எடைபோடாதீர்கள், நடுப்பக்கத்திலிருந்து எடைபோடுங்கள். அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகப் பார்ப்போம். மொழி தெரியாதவரும் இதைச் செய்யலாம். அதற்குத்தான் இந்த வழிகாட்டி.

வீடியோக்கள் இருக்கின்றன, கேட்டால் நிரலை (புரோகிராமை) எழுதியே கொடுக்கும் ஏஐ கருவிகள் இருக்கின்றன, பிறகு எதற்குப் புத்தகம் என்று கேட்கலாம். எதற்குப் பின் எதைக் கற்க வேண்டும் என்பது புதிதாக வருபவருக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைக் கேள்வியாகக் கேட்கவும் முடியாது. அந்த வரிசையை ஒருவர் உட்கார்ந்து யோசித்து, 300 பக்கங்களுக்கு முன்கூட்டியே திட்டமிட்டு வைத்திருப்பதுதான் புத்தகத்தின் பலம். மற்றவற்றைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

## தேடுவதற்கு முன் ஒரு வரி எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, "இந்த மொழியைக் கற்று நான் செய்ய விரும்புவது" என்று ஆரம்பித்து ஒரே ஒரு வரி எழுதுங்கள். "சாஃப்ட்வேர் துறைக்குப் போக வேண்டும்" என்பது போன்ற பெரிய வரி வேண்டாம். கைக்கு அடங்குகிற ஒன்றாக இருக்கட்டும். கணினியில் குவிந்து கிடக்கும் புகைப்படங்களைத் தேதிவாரியாகப் பிரித்துப் போட வேண்டும். வலைப்பக்கத்தில் ஓடும் சின்ன விளையாட்டு ஒன்று செய்ய வேண்டும். ஒரு சிறிய சர்க்யூட் போர்டில் விளக்கை அணைத்து ஏற்ற வேண்டும். இப்படி.

மொழி எது என்பதை இந்த வரியே பெரும்பாலும் சொல்லிவிடும். கோப்புகளோடும் தரவுகளோடும் வேலை என்றால் பைத்தான். பிரவுசருக்குள் என்றால் ஜாவாஸ்கிரிப்ட். போர்டுகள் என்றால் சி அல்லது சி++. பாடத்திட்டம் ஏற்கெனவே மொழியைத் தீர்மானித்துவிட்டது என்றால் அதுவேதான். எந்த வரியும் தோன்றவில்லையா? பைத்தானில் தொடங்குங்கள், தவறில்லை.

இந்த வரிக்கு இன்னொரு பயனும் உண்டு. எந்தப் புத்தகம் கைக்கு வந்தாலும், அதன் பொருளடக்கத்தில் உங்கள் வரிக்குப் பக்கத்தில் வருகிற அத்தியாயம் இருக்கிறதா என்று பாருங்கள். புகைப்படம் பிரிப்பதுதான் ஆசை என்றால் கோப்புகளைப் பற்றிய அத்தியாயம் இருந்தே ஆக வேண்டும். அது இல்லாமல், கணக்குப் புதிர்களால் மட்டுமே நிரம்பிய புத்தகம் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் பத்தாவது நாளில் உங்களுக்கு அலுத்துவிடும். கணக்கில் ருசி உள்ளவருக்கு அதே புத்தகம் அமிர்தமாக இருக்கும். ஆளுக்கு ஆள் மாறுகிற விஷயம் இது. அதனால்தான் "சிறந்த புத்தகம் எது" என்ற கேள்விக்கு நான் நேரடியாகப் பதில் சொல்வதில்லை.

## "ஆரம்பநிலை" என்றால் யாருக்கு ஆரம்பம்?

அட்டையில் "தொடக்கநிலையாளர்களுக்கு" என்று போட்டிருக்கும். அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. புரோகிராமிங்கே புதிது என்பவர் ஒரு ரகம். வேறொரு மொழியில் எழுதிப் பழகிவிட்டு இந்த மொழிக்குப் புதிதாக வருகிறவர் இன்னொரு ரகம். இந்த இரண்டு பேருக்கும் ஒரே புத்தகம் சரிவராது. முதலாமவருக்கு, ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் லூப் என்றால் என்ன, அது ஏன் தேவைப்படுகிறது என்பதிலிருந்து சொல்ல வேண்டும். இரண்டாமவருக்கு இந்த மொழியில் லூப்பை எப்படி எழுதுவார்கள் என்று காட்டினால் போதும்.

மேலே சொன்ன கெர்னிகன், ரிச்சி புத்தகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சி கற்க வேண்டும் என்று யார் கேட்டாலும் அதைத்தான் முதலில் கை காட்டுவார்கள். உண்மையிலேயே அருமையான புத்தகம். ஆனால் அதன் முன்னுரையிலேயே ஆசிரியர்கள் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள்: இது புரோகிராமிங்கின் அரிச்சுவடி அல்ல, வேரியபிள் (ஒரு மதிப்புக்கு வைக்கும் பெயர்), லூப், ஃபங்ஷன் போன்ற அடிப்படைகள் வாசகருக்கு ஓரளவு தெரிந்திருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறோம். இதைப் படிக்காமல் நேராக முதல் அத்தியாயத்துக்குத் தாவியவர்கள், ஆசிரியர்கள் யாருக்காக எழுதவில்லையோ அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, தங்கள் மூளையைக் குறை சொல்கிறார்கள். ரஸ்ட் மொழிக்கு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும் அதிகாரபூர்வப் புத்தகமும் அப்படித்தான். வேறு ஏதாவது ஒரு மொழியில் நீங்கள் நிரல் எழுதியிருப்பீர்கள் என்று அதன் அறிமுகப் பகுதியிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

ஆகவே இரண்டாவது படி, முன்னுரையைப் படிப்பது. பெரும்பாலான புத்தகங்களில் "இது யாருக்கான புத்தகம்" என்று ஒரு பகுதி இருக்கும். அரைப்பக்கம்தான். இணையக் கடைகளில் மாதிரிப் பக்கங்களாகக் காட்டுவதிலேயே அது வந்துவிடும். "முன் அனுபவம் தேவையில்லை" என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பகுதியே இல்லாத புத்தகம் என்றால், தன் வாசகர் யார் என்று ஆசிரியர் யோசிக்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

## பதிப்பு ஆண்டு: மொழிக்கு மொழி வேறுபடும்

நாவலுக்கு வயதாவதில்லை. புரோகிராமிங் புத்தகத்துக்கு வயதாகும், ஆனால் எல்லா மொழிக்கும் ஒரே வேகத்தில் அல்ல.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். சி++ கற்கத் தொடங்கியபோது கையில் கிடைத்தது ஒரு பழைய புத்தகம். முதல் நிரலையே கம்பைலர் (நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்) ஏற்கவில்லை. "ஐஓஸ்ட்ரீம் புள்ளி எச்" என்ற கோப்பே இல்லை என்றது. எங்கோ எழுத்துப்பிழை விட்டிருக்கிறேன் என்று நினைத்து, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு மூன்று முறை திரும்ப அடித்தேன். இரண்டு மாலைகள் அதிலேயே போயின. கடைசியில்தான் தெரிந்தது: 1998-இல் வந்த சி++ தரநிலையிலேயே பெயருக்குப் பின்னால் வரும் அந்தப் "புள்ளி எச்" எடுக்கப்பட்டுவிட்டது. புத்தகம் அதற்கு முந்தைய காலத்தைச் சேர்ந்தது. பிழை என்னுடையது அல்ல என்று அப்போது சொல்ல யாருமில்லை. பழைய புத்தகத்தின் உண்மையான ஆபத்து இதுதான். புதிதாக வருபவருக்குத் தன் தவறு எது, புத்தகத்தின் தவறு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது.

மொழி தெரியாமலேயே வயதைக் கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு.

பைத்தானில் எந்த எடுத்துக்காட்டு நிரலையும் பாருங்கள். "பிரிண்ட்" என்ற சொல்லுக்குப் பின் அடைப்புக்குறி இருக்க வேண்டும். அடைப்புக்குறி இல்லாமல் நேரடியாக மேற்கோள்குறி வந்தால் அது பைத்தான் 2. அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பைத்தான் 3 வந்தது 2008 டிசம்பரில். அதன் பிறகும் பல ஆண்டுகள் இரண்டுக்கும் புத்தகங்கள் வந்துகொண்டிருந்தன. அதனால் ஆண்டை மட்டும் நம்ப வேண்டாம், பக்கத்தைத் திறந்து பாருங்கள். அடைப்புக்குறியை மறந்தால் பைத்தான் 3 பிழை என்று சொல்லிவிடும், அது பரவாயில்லை. மௌனமாக வரும் வேறுபாடுகள்தான் கொடுமை. 3-ஐ 2-ஆல் வகுத்தால் பைத்தான் 2-இல் விடை 1, பைத்தான் 3-இல் 1.5. புத்தகத்தில் 1 என்று அச்சாகியிருக்கும், உங்கள் திரையில் 1.5 என்று நிற்கும், எந்தப் பிழைச் செய்தியும் வராது. இன்னொரு அடையாளம், மேற்கோள்குறிக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வரும் "எஃப்" என்ற எழுத்து. 2016 டிசம்பரில் வந்த 3.6 பதிப்பில் சேர்ந்தது அது. இன்று எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அது புத்தகத்தில் எங்குமே இல்லை என்றால் கொஞ்சம் பழையது.

ஜாவாஸ்கிரிப்டில் எல்லைக்கோடு 2015. அந்த ஆண்டுப் பதிப்பில்தான் "லெட்", "கான்ஸ்ட்", அம்புக்குறி போட்டு எழுதும் ஃபங்ஷன்கள் எல்லாம் வந்தன. பக்கத்துக்குப் பக்கம் "வார்" மட்டுமே இருக்கும் புத்தகத்தை வைத்துவிடுங்கள். அதில் எழுதியது ஓடும், ஆனால் மற்றவர்கள் எழுதிய நிரல் ஒன்றையும் உங்களால் படிக்க முடியாது.

சி++ என்றால் 2011 தரநிலைக்குப் பிந்தையதாக இருக்கட்டும். ஜாவா பழையதை எளிதில் உடைக்காத மொழி என்பதால் 2014-இல் வந்த ஜாவா 8-ஐத் தழுவி எழுதிய புத்தகமும் அடிப்படைக்கு உதவும். பிரவுசருக்குள் ஓடிய பழைய ஆப்லெட் பற்றித் தனி அத்தியாயம் இருந்தால் மட்டும் ஒதுக்குங்கள். கோ மொழியில் 2022 மார்ச்சில் வந்த 1.18 பதிப்புதான் ஒரே ஃபங்ஷனைப் பல வகைத் தரவுகளுக்குப் பயன்படுத்த உதவும் ஜெனரிக்ஸைக் கொண்டுவந்தது, அதற்குப் பிந்தையது நல்லது. சி மொழியில் மட்டும் வயது அவ்வளவு உறுத்தாது. ஆனால் "வாய்டு மெயின்" என்று தொடங்கி, "கோனியோ புள்ளி எச்" என்று அழைத்து, "கெட்ஸ்" கொண்டு உள்ளீடு வாங்கும் புத்தகத்தைத் தொடாதீர்கள். "கெட்ஸ்" பாதுகாப்பற்றது என்று சி மொழியின் 2011 தரநிலையிலிருந்தே நீக்கப்பட்டுவிட்டது. மற்ற இரண்டும் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலக் கம்பைலர்களின் பழக்கம்.

## ஃபங்ஷன் அத்தியாயத்தைத் திறங்கள்

சரி, முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். பொருளடக்கத்தில் ஃபங்ஷன் எங்கே இருக்கிறது என்று பார்த்து நேராக அங்கே போங்கள். முழுவதும் புரிய வேண்டியதில்லை. ஆசிரியர் எப்படி விளக்குகிறார் என்பதை மட்டும் கவனியுங்கள்.

நான் பார்க்கும் முதல் விஷயம், "ரிட்டர்ன்" என்பதற்கும் "பிரிண்ட்" என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியர் தனியாக எடுத்துப் பேசுகிறாரா என்பது. புதியவர்கள் ஏறக்குறைய எல்லோருமே தடுக்கி விழும் கல் அது. 3-ஐயும் 4-ஐயும் கூட்டும் ஒரு ஃபங்ஷன் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே "பிரிண்ட்" என்று எழுதிப் பைத்தான் ஷெல்லில் (அடித்த வரிக்கு உடனே விடை காட்டும் திரையில்) அழைத்தால் திரையில் 7. "ரிட்டர்ன்" என்று எழுதி அழைத்தாலும் திரையில் 7. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. இப்போது அந்த விடையை ஒரு வேரியபிளில் போட்டு 2-ஆல் பெருக்கிப் பாருங்கள். "ரிட்டர்ன்" எழுதிய ஃபங்ஷன் 14 தருகிறது. "பிரிண்ட்" எழுதியது 7-ஐத் திரையில் காட்டிவிட்டு, கையில் எதையும் கொடுக்காமல் போய்விட்டது. "நன்" என்னும் வெறுமையைப் பெருக்க முடியாது என்று டைப்எரர் வருகிறது.

நல்ல புத்தகம் இதை இப்படியே அருகருகே வைத்து, உங்களையே ஓட்டிப் பார்க்கச் சொல்லும். "பிரிண்ட்" விடையை உரக்கச் சொல்கிறது, "ரிட்டர்ன்" விடையை உங்கள் கையில் தருகிறது என்று ஒரு வரியில் பிரித்துக் காட்டும். மோசமான புத்தகம் "ரிட்டர்ன் என்பது ஃபங்ஷனின் மதிப்பைத் திருப்பி அனுப்பும்" என்று ஒரு வாக்கியம் எழுதிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடும். அந்த வாக்கியத்தில் தவறே இல்லை. ஆனால் தெரிந்தவருக்கு மட்டும்தான் அது புரியும்.

இரண்டாவதாக லிஸ்ட் பற்றிய அத்தியாயத்துக்குப் போங்கள். ஒரு லிஸ்டில் 1, 2, 3 இருக்கிறது. அதை இன்னொரு வேரியபிளுக்குச் சமன் செய்கிறோம். பிறகு அந்த இரண்டாவது பெயரைப் பயன்படுத்தி 4-ஐச் சேர்க்கிறோம். முதல் லிஸ்டைப் பார்த்தால் அதிலும் 4 வந்து உட்கார்ந்திருக்கும். ஏனென்றால் லிஸ்ட் ஒன்றுதான், பெயர்கள்தான் இரண்டு. "வேரியபிள் என்பது ஒரு டப்பா" என்று தொடக்கத்தில் சொன்ன ஆசிரியர் இங்கே வந்து, "அந்த உவமை இனி உதவாது, வேரியபிளைப் பொருள்மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டாக நினைத்துக்கொள்ளுங்கள்" என்று படம் வரைந்து காட்டுகிறாரா? காட்டினால் அவர் சொல்லிக்கொடுத்துப் பழகியவர். மாணவர்கள் எங்கே முழிப்பார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தவர். இந்த இடத்தைப் பற்றிப் பேச்சே இல்லை என்றால், அவருக்கு மொழி நன்றாகத் தெரிந்திருக்கலாம், புதியவர்களைத் தெரியாது.

மற்ற மொழிகளுக்கும் இப்படி ஒவ்வொரு சோதனை இடம் உண்டு. சி என்றால் "ஸ்கேன்எஃப்" எழுதும்போது வேரியபிளுக்கு முன்னால் வரும் & குறி. நினைவக முகவரியைக் குறிக்கும் பாயின்டர் பாடம் பின்னால்தான் வரும் என்பதால், "இப்போதைக்கு இப்படியே எழுதுங்கள், காரணம் இந்த அத்தியாயத்தில் வரும்" என்று ஆசிரியர் வாக்குக் கொடுக்க வேண்டும். அந்த அத்தியாயத்தைத் திறந்து வாக்கைக் காப்பாற்றியிருக்கிறாரா என்றும் பாருங்கள். ஜாவாவில் முதல் நிரலிலேயே வரும் "பப்ளிக் ஸ்டாட்டிக் வாய்டு மெயின்" அதே ரகம். நான்கு சொற்களையும் முதல் நாளே விளக்கப் புகுந்தால் தலை சுற்றும். கடைசிவரை விளக்காமல் விட்டால் மந்திரம் போல மனப்பாடம் செய்ய வேண்டியதாகிவிடும். இரண்டு சரங்கள் (எழுத்துத் தொடர்கள்) சமமா என்று பார்க்க == போடாமல் "ஈக்குவல்ஸ்" ஏன் எழுதுகிறோம் என்பதும் ஜாவாவில் நல்ல சோதனை. ஜாவாஸ்கிரிப்டில் == என்பதற்கும் === என்பதற்கும் உள்ள வேறுபாடு.

மூன்றாவது, பிழைச் செய்திகள். இதை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். புத்தகத்தில் எங்காவது ஒரு நிரலைத் தவறாக எழுதிக் காட்டி, அப்போது வரும் பிழைச் செய்தியை அப்படியே அச்சிட்டு, அதை எப்படிப் படிப்பது என்று சொல்லியிருக்கிறார்களா? பைத்தான் பிழை காட்டும்போது நீளமாக ஏதேதோ கொட்டும். அதைக் கடைசி வரியிலிருந்து படிக்கத் தொடங்க வேண்டும். என்ன பிழை என்பது அங்கேதான் இருக்கும், எந்த வரியில் என்பது அதற்கு மேலே இருக்கும். இந்த இரண்டு வாக்கியம் தெரியாமல் வாரக்கணக்கில் அவதிப்பட்டவர்களை எனக்குத் தெரியும். புதியவர் நிரல் எழுதும் நேரத்தில் பாதிக்கு மேல் பிழைகளோடுதான் வாழ்கிறார். எல்லா நிரலும் முதல் தடவையே ஓடிவிடுவது போல எழுதிய புத்தகம் அவருடைய வாழ்க்கையைப் பற்றிப் பேசவே இல்லை.

## ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்

இதுவரை தேறி வந்தவை இரண்டோ மூன்றோ இருக்கும். நூலகத்தில் எடுத்ததாகவோ, நண்பரிடம் வாங்கியதாகவோ, இணையத்தில் மாதிரி அத்தியாயமாகவோ இருக்கலாம். ஒன்றை எடுத்துக்கொண்டு கணினி முன் ஒரு மணி நேரம் உட்காருங்கள். கையில் பென்சில்.

நிறுவும் பகுதியில் தொடங்கி, சொன்னபடியே செய்யுங்கள். டெர்மினல் என்றால் என்ன, கோப்பை எங்கே சேமிக்க வேண்டும், எப்படி ஓட்ட வேண்டும் என்று உங்கள் இயங்குதளத்துக்குச் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். பலர் கோடிங்குக்குள் நுழைவதற்கு முன்பே இந்த வாசலில் விழுந்துவிடுகிறார்கள். பிறகு ஒரு பகுதியை எடுத்து, நிரல்களைக் காப்பி செய்யாமல் கையால் அடியுங்கள். விளக்கம் கொடுக்காமல் வரும் சொல் ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். ஒரு பக்கத்தில் ஒன்று இரண்டு வருவது சகஜம். பக்கத்துக்கு நான்கைந்து கோடுகள் தொடர்ந்து விழுந்தால் அந்தப் புத்தகம் உங்களுக்கு இப்போதைக்கு இல்லை. ஆறு மாதம் கழித்து அதுவே இதமாக இருக்கும், எடுத்துவைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டு, கடைசியாகப் படித்த எடுத்துக்காட்டை நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். வார்த்தைக்கு வார்த்தை வர வேண்டியதில்லை. வேலை செய்தால் போதும். வரவில்லை என்றால், மறுபடி ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதுங்கள். இரண்டு தடவைக்குப் பிறகும் ஒன்றுமே பிடிபடவில்லை என்றால் அடுத்த புத்தகத்துக்குப் போங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒருவருக்குப் படத்தோடு சொன்னால் ஏறும், இன்னொருவருக்கு நேரே நிரலைக் காட்டினால்தான் ஏறும்.

எந்த மொழியில் எழுதிய புத்தகம் என்பதும் இந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். தாய்மொழியில் படித்தால் கருத்து சட்டென்று பிடிபடும். ஆனால் பிழைச் செய்திகளும் மொழியின் கட்டளைச் சொற்களும் ஆங்கிலத்தில்தான் வரும். ஆகவே தமிழ்ப் புத்தகமாக இருந்தால், கலைச்சொல்லைத் தமிழில் சொன்ன கையோடு திரையில் தெரியப்போகும் ஆங்கிலச் சொல்லையும் பக்கத்தில் கொடுத்திருக்க வேண்டும்.

## பயிற்சிகள்

அத்தியாயத்தின் முடிவில் உள்ள பயிற்சிகளைப் பாருங்கள். "லூப் என்றால் என்ன? விளக்குக", "அதன் வகைகள் யாவை?" என்ற ரகம் தேர்வுக்கு உதவும், நிரல் எழுத உதவாது.

நல்ல பயிற்சிகளுக்கு ஒரு ஏற்றம் இருக்கும். முதலில், ஏற்கெனவே பார்த்த நிரலில் ஒரு வரியை மாற்றச் சொல்லும்: 1 முதல் 10 வரை எழுதியதை 10-இலிருந்து 1-க்கு இறக்கு. அடுத்து, அதே உத்தியை வேறு இடத்தில் பயன்படுத்தச் சொல்லும்: ஒரு சொல்லில் எத்தனை உயிரெழுத்து என்று எண்ணு. கடைசியில், எதைப் பார்த்தும் எழுத முடியாத புதிய ஒன்று. இந்த நடுப்படி இல்லாமல் முதலிலிருந்து மூன்றாவதுக்குத் தாவும் புத்தகங்கள் ஏராளம். அதில் சிக்கினால் மூன்று நாள் ஒரே கேள்வியோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

தனியாகக் கற்பவருக்கு விடைகளும் வேண்டும். புத்தகத்தின் பின்னாலோ, ஆசிரியரின் இணையதளத்திலோ எங்காவது இருக்கட்டும். விடை இருந்தால் சோம்பேறித்தனம் வரும் என்பார்கள். எனக்கு உடன்பாடில்லை. அரைமணி நேரம் முயன்றுவிட்டு விடையைப் பார்ப்பதும் கற்பதுதான்; பார்த்ததை மூடிவைத்துவிட்டு மறுநாள் காலையில் மறுபடி நீங்களே எழுத வேண்டும், அவ்வளவுதான்.

## அச்சா, மின்னூலா?

இரண்டும் நல்லதுதான், ஒரே ஒரு எச்சரிக்கையோடு. சிறிய திரையில் மின்னூல் படித்தால் நிரலின் நீண்ட வரிகள் மடங்கி அடுத்த வரிக்கு இறங்கிவிடும். பைத்தானில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிக்கே பொருள் உண்டு. எந்த வரி லூப்புக்குள் இருக்கிறது, எது வெளியே என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. மடங்கிய வரியைப் புது வரி என்று நினைத்து அடித்தால் தொலைந்தது. பிடிஎஃப் கோப்பிலிருந்து காப்பி செய்தாலும் இதே சிக்கல்: இடைவெளிகள் காணாமல்போகும், நேரான மேற்கோள்குறி வளைந்த மேற்கோள்குறியாக மாறிவிடும், பைத்தான் "இன்வேலிட் கேரக்டர்" என்று முறைக்கும். கண்ணுக்கு இரண்டு குறிகளும் ஒன்றுபோல இருப்பதால் பிழையைக் கண்டுபிடிப்பது கடினம். பெரிய திரையில் படியுங்கள், கையால் அடியுங்கள்.

வாங்குவதற்கு முன் பதிப்பகத்தின் தளத்தில் அந்தப் புத்தகத்துக்குப் பிழைதிருத்தப் பட்டியல் இருக்கிறதா என்று தேடுங்கள். பட்டியல் நீளமாக இருந்தால் பயப்பட வேண்டாம். நிறையப் பேர் படிக்கிறார்கள், ஆசிரியரும் கவனிக்கிறார் என்று அர்த்தம். எடுத்துக்காட்டு நிரல்களைத் தரவிறக்க வசதி இருந்தால் இன்னும் நல்லது. உங்களுடையது ஓடாதபோது ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கனம் பற்றியும் ஒரு வார்த்தை. 300 முதல் 500 பக்கங்கள் வரை உள்ளதைப் படித்து முடிக்கலாம். 1,000 பக்கம் தாண்டியது பெரும்பாலும் தேவைப்படும்போது புரட்டிப் பார்ப்பதற்கான நூல்.

## மதிப்புரைகளை எப்படிப் படிப்பது

ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களில் பலர், புத்தகம் கைக்கு வந்த வாரத்திலேயே எழுதியவர்கள். ஒற்றை நட்சத்திரத்தில் பாதி, பொட்டலம் கிழிந்து வந்தது பற்றி இருக்கும். மூன்று நட்சத்திரங்களைப் படியுங்கள். "ஆறாவது அத்தியாயம் வரை அருமை, அதன் பிறகு வேகம் கூடிவிட்டது" என்பது போன்ற பயனுள்ள செய்தி அங்கேதான் கிடைக்கும். அனுபவசாலிகள் "ஆழம் இல்லை" என்று குறை சொன்ன புத்தகம் உங்களுக்குப் பொருத்தமானதாகவும் இருக்கலாம்.

## காசு கொடுப்பதற்கு முன்

இணையத்தில் ஆசிரியர்களே சட்டபூர்வமாக இலவசமாக வைத்திருக்கும் நல்ல புத்தகங்கள் உண்டு. ஒன்றுமே தெரியாதவருக்கு ஆலன் டவுனியின் "திங்க் பைத்தான்" என் முதல் பரிந்துரை. 2024-இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பைப் பிரவுசரிலேயே ஓட்டிப் பார்த்தபடி படிக்கலாம். புகைப்படம் பிரிக்கும் வரியை எழுதியவருக்கு ஆல் ஸ்வெய்கார்ட்டின் "ஆட்டோமேட் தி போரிங் ஸ்டஃப் வித் பைத்தான்"; முற்பகுதி அடிப்படை, பிற்பகுதி முழுக்கக் கோப்பு, விரிதாள், வலைப்பக்கம் என்று அன்றாட வேலைகள். ஜாவாஸ்கிரிப்டுக்கு மரைன் ஹேவர்பெக்கின் "எலொக்வென்ட் ஜாவாஸ்கிரிப்ட்" இருக்கிறது, நான்காம் பதிப்பு 2024-இல் வந்தது. அழகாக எழுதப்பட்டது, ஆனால் நான்காவது ஐந்தாவது அத்தியாயங்களிலேயே ஏற்றம் செங்குத்தாகிவிடுகிறது. முழுப் புதியவர் பக்கத்தில் எளிய புத்தகம் ஒன்றையும் வைத்துக்கொள்வது நல்லது.

இவற்றையும் மேலே சொன்ன சோதனைகளுக்கு உட்படுத்துங்கள். நான் சொன்னேன் என்பதற்காக எடுக்க வேண்டாம்.

## எடுத்த பிறகு

ஒன்றைத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது என்றால், ஒரு மாதத்துக்கு வேறு புத்தகம் தேடாதீர்கள். தேடுவதிலேயே படித்த திருப்தி வந்துவிடும், கை பழகாது. ஒரு அத்தியாயம் எவ்வளவு முட்டி மோதியும் புரியவில்லை என்றால் புத்தகத்தை மாற்ற வேண்டாம். அந்தத் தலைப்பை மட்டும் வேறொரு புத்தகத்தில் படித்துவிட்டுத் திரும்பி வாருங்கள். மூன்று அத்தியாயங்கள் அடுத்தடுத்து அப்படி ஆனால் மாற்றலாம்.

முழுவதும் படித்து முடிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஃபங்ஷன், லிஸ்ட், கோப்பு மூன்றையும் தாண்டியவுடன் முதல் நாள் எழுதிய அந்த ஒரு வரியை எடுத்துச் செய்யத் தொடங்குங்கள். புகைப்படக் கோப்புறை ஒன்றை முதலில் நகலெடுத்துவைத்துக்கொண்டு, அந்த நகலில் பத்தே பத்துப் படங்களோடு முயன்று பாருங்கள். தேதியைக் கோப்பிலிருந்து எப்படி எடுப்பது என்று தெரியாமல் நிற்பீர்கள். அப்போது புத்தகத்தின் பின்பக்கச் சொல்லடைவைப் புரட்டுங்கள், அதில் இல்லாவிட்டால் மொழியின் அதிகாரபூர்வ ஆவணத்தைத் திறந்து "டேட்டைம்" என்று தேடுங்கள்.